ஆளில்லாத கரை

"எல்லாப் பெட்டியையும் பாத்துட்டேன், தங்கச்சி. இந்தப் படங்கள்ல ஒண்ணுமே நடக்கலையே" என்றார் கஸ்பார்.

மிக்கேலம்மாள் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஒருத்தி கருவாடு காயப்போடுதா. ஒருத்தன் வலைமேல உக்காந்து தலை சீவுதான். முப்பது வருசமா இதையேதான் எடுத்திருக்கிய. ஒரு புயல் உண்டா? ஒரு மந்திரி உண்டா? அந்தா, மாதா சப்பரம் வருது. அதை விட்டுட்டு, கூட்டத்துல செருப்பைத் தொலைச்சவ தேடிக்கிட்டு நிக்கிறதை எடுத்திருக்கிய."

"செருப்பு கிடைச்சுதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ அடுத்த படத்தைப் பாருங்க, அண்ணாச்சி."

கஸ்பார் அவளைவிட ஏழெட்டு வயது மூத்தவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றபின், பிறந்த இடமான சிலுவைத்துறைக்கே திரும்பி வந்திருந்தார். தோஹாவிலிருந்து மகன் ஒரு கேமரா அனுப்பினான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து, "எனக்குக் கத்துக்குடுங்க" என்று அவள் ஸ்டுடியோவில் நின்றார்.

சீடரை அவள் அண்ணாச்சி என்றாள். குருவை அவர் தங்கச்சி என்றார்.

ஸ்டுடியோ என்றால் ஒரே அறை. நீலத்திரை, ஒரு ஸ்டூல், சுவரில் ஒரு கண்ணாடி. பாஸ்போர்ட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும் முகம் எடுத்துக்கொடுப்பாள். காலையும் மாலையும் கடையைச் சாத்திவிட்டுக் கரைக்குப் போவாள். யாரும் கேட்காத படங்களை எடுப்பாள்.

அன்று மத்தியானம் ஸ்டுடியோவுக்கு ஒருவர் வந்தார். கம்பெனி அதிகாரி. பெயர் பிரபாகர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வருகிற அளவுக்கு மரியாதை தெரிந்தவர்.

"மேடம், சிலுவைத்துறையில உங்ககிட்டதான் பழைய படமெல்லாம் இருக்குன்னு சொன்னாங்க. எனக்கு ஒரே ஒரு படம் வேணும். கரை மட்டும். ஆள் இருக்கக் கூடாது."

"எதுக்கு சார்?" என்றார் கஸ்பார்.

"சரக்குத்தளம் ஒண்ணு கட்டப் போறோம். இது பயன்பாட்டில் இல்லாத கரைன்னு கவர்மெண்டுக்கு மனுக் குடுத்திருக்கோம். திங்கட்கிழமை அதுக்குக் கூட்டம். படம் ஒண்ணு சேர்த்தா நல்லது."

கஸ்பார் எழுந்துவிட்டார். "பயன்பாட்டில் இல்லாத கரையா? அப்போ நாங்க…"

மிக்கேலம்மாள் அவரைக் கையமர்த்தினாள். எழுந்து போய்ப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அதிகாரியின் முன்னால் வைத்தாள்.

"நீங்களே தேடிக்கிடுங்க. இருந்தா எடுத்துக்கிடுங்க."

"தங்கச்சி!"

"தேடட்டும், அண்ணாச்சி. நீங்களும் கூட இருந்து தேடிக் குடுங்க."

கஸ்பார் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இருவரும் தேடினார்கள்.

மழைக்கால விடியல் ஒன்று கிடைத்தது. கடல் தெரிந்தது, மணல் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. அதிகாரி சந்தோஷமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரத்தில் ஒரு கிழவர் குடைக்குள் குந்திப் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

கொளுத்தும் வெயிலில் ஒரு படம். கரையே வெறிச்சென்று கிடந்தது. கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

மீன் அறுப்பவள் இருந்தாள். பந்துக்குச் சண்டை போடுகிறவர்கள் இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் கோபித்துக்கொண்டு வந்து தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மாமா இருந்தார்.

"இது?" என்று அதிகாரி ஒன்றை எடுத்தார்.

பேரலை வந்து போன மறுநாள் எடுத்த படம். குடிசைகள் இல்லை. மரம் இல்லை. கஸ்பார் அந்த நாளில் துறைமுகக் குவார்ட்டர்ஸில் இருந்தார். செய்தித்தாளில் பார்த்ததோடு சரி. காலையில் யாரோ வாசல் பெருக்குகிறாள் என்று தள்ளிவிட்ட படத்தை இப்போது கையில் வாங்கினார்.

வீட்டுக்கு வாசற்படி மட்டும் மிஞ்சியிருந்தது. பின்னால் வீடு இல்லை. ஒரு பெண் அந்த வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

கஸ்பார் அதை வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

"இது போதும்" என்று அதிகாரி படத்தைத் திரும்ப வாங்கினார். "இந்த அம்மாவை மட்டும் எடுத்துட்டா, மீதி சுத்தமா இருக்கு. கம்ப்யூட்டர்ல ஒரு நிமிஷ வேலை."

"அழிச்சிரலாமா?" என்றாள் மிக்கேலம்மாள்.

"சுலபமா."

அவள் ஜன்னலைத் திறந்து குரல் கொடுத்தாள். "லூர்தம்மா! ஏ லூர்து! கொஞ்சம் வந்துட்டுப் போ!"

எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள். தலை நரைத்திருந்தது. படத்தில் இருந்த அதே நெற்றி, அதே தாடை.

"இவதான் சார். இவளை அழிக்கணும்னா இவ முன்னாலயே அழிங்க."

லூர்தம்மாள் படத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள். "என்னையா? எதுக்கு?"

அதிகாரி படத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு எழுந்தார். வெளியே செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"சரி மேடம். எங்க ஆளை வெச்சே எடுத்துக்கிறோம். ஞாயித்துக்கிழமை பூசை நேரத்துல நீங்க எல்லாருமே கோயில்லதான இருப்பீங்க? அப்போ கரை காலியாத்தான் கிடக்கும்."

அவர் போனார்.

கஸ்பார் குதித்தார். "ஊரைக் கூட்டுவோம். மணியடிப்போம். ஆயிரம் பேர் கரையில போய் நிப்போம்!"

"நின்னா?"

"நின்னா அவன் எப்படி எடுப்பான்?"

"கூட்டம் போட்டுக் கலாட்டா பண்றாங்கன்னு எடுப்பான். வெளியூர்லேருந்து ஆள் கூட்டிட்டு வந்தாங்கன்னு எழுதுவான்."

"அப்போ என்னதான் செய்யப் போறிய?"

"ஞாயித்துக்கிழமை வெள்ளென வாங்க" என்றாள். "கேமராவை எடுத்துட்டு வரணும்னா எடுத்துட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை.

இரண்டாம் மணி அடித்து ஓய்ந்தது. சிலுவைத்துறை முழுவதும் கோயிலுக்குள் இருந்தது. ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து கஸ்பார் காரணமில்லாமல் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டதில்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு கரைக்கு வந்தார்.

கம்பெனியின் கேமராக்காரன் முக்காலியை மணலில் ஊன்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிரபாகர்.

கரை காலியாகத்தான் கிடந்தது. நடுவில் ஒரே ஒரு ஆள்.

மிக்கேலம்மாள் மணலில் ஒரு பழைய சாக்கை விரித்துச் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையில் கத்தி. கேமரா கொண்டுவரவில்லை.

கஸ்பார் சட்டென்று நின்றார். இதுதான் படம் என்று நினைத்தார். இத்தனை நாள் காத்திருந்தது இதற்குத்தான். கம்பெனி ஒரு பக்கம், தன்னந்தனியாக ஒரு பெண் இன்னொரு பக்கம். நாளைக்குப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வரும். கேமராவைக் கண்ணில் வைத்தார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? ஒரே ஒரு படம்தான்" என்றான் கேமராக்காரன்.

"மீன் கெட்டுப் போகும், தம்பி. நீ பாட்டுக்கு எடு."

அவன் பிரபாகரைப் பார்த்தான். பிரபாகர் கையால் வடக்கே காட்டினார்.

முக்காலி வடக்கே திரும்பியது. அங்கே யாருமில்லை. மணல், கடல், வானம், யாரோ சுருட்டிப் போட்ட ஒரு வலை. கேட்ட படம் அப்படியே விரிந்து கிடந்தது.

மிக்கேலம்மாள் எழுந்து ஓடவில்லை. சத்தம் போடவில்லை. கஸ்பார் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மீனை எடுத்துச் செதிளைச் சீவினாள்.

கஸ்பாரின் விரல் பொத்தான்மேல் இருந்தது. லென்ஸுக்குள் அவள் சின்னதாகத் தெரிந்தாள். அவளுக்குப் பக்கத்தில் எவ்வளவு இடம் கிடந்தது!

அவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினார்.

கழுத்திலிருந்து கழற்றி, துண்டில் சுற்றி, மணலில் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடக்கே நடந்தார். முக்காலிக்கு நேர் எதிரே அந்த வலை நூற்கண்டோடு கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்து கிழிசலைத் தேட ஆரம்பித்தார். வலை பின்னிப் பல வருஷம் ஆகியிருந்தது. விரல்களுக்கு மறக்கவில்லை.

"பெரியவரே!"

அவர் நிமிரவில்லை. கேமராக்காரன் கெஞ்சியும் அதட்டியும் பார்த்ததில் நேரம்தான் போனது.

முக்காலி தெற்கே திரும்பியது. அதற்குள் பூசை முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு பிள்ளைகள் பந்தை உதைத்துக்கொண்டு இறங்கினார்கள். லூர்தம்மாள் கருவாட்டைக் காயப்போட வந்தாள். ஒருவன் வள்ளத்தடியில் துண்டை விரித்துப் படுத்தான். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. முக்காலியைச் சுற்றி வழி விட்டு நடந்தார்கள், அதுவும் கரையில் கிடக்கும் ஏதோ ஒரு சாமான் என்பதுபோல.

பிரபாகருக்குப் பொறுமை போய்விட்டது. மணலில் கால் புதையப் புதைய வந்து கஸ்பாரின் முன்னால் நின்றார்.

"நீங்க எல்லாரும் இங்க என்னதான் பண்றீங்க?"

கஸ்பார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"குடியிருக்கோம்."