அரசர் ஏறிய படகு

முன்பொரு காலத்தில், பாதி நிலமும் பாதி நீருமாய்க் கிடந்த ஒரு நாட்டை நெடுவேலன் என்ற அரசன் ஆண்டுவந்தான். எதற்கும் அஞ்சாதவன், தண்ணீரைக் கண்டால் மட்டும் நடுங்குவான். அதற்குக் காரணம் உண்டு. அவனுக்குப் பதினாறு வயதானபோது, அவன் தந்தையும் ஏழு அமைச்சர்களும் ஒரே படகில் தீவுத் திருவிழாவுக்குப் போனார்கள். படகு கவிழ்ந்தது. ஒருவரும் திரும்பவில்லை. மறுநாள் அரியணையில் அமர்ந்த பையன், எதிரே இருந்த ஏழு வெற்று இருக்கைகளைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான். எந்த முத்திரை எந்த ஓலைக்கு என்று சொல்லித்தரக்கூட ஆள் இல்லை.

அன்றே ஒரு சட்டம் போட்டான்: 'எவர் இல்லாவிட்டால் நாடு நடக்காதோ, அவர்களில் இருவர் ஒரே படகில் ஏறக் கூடாது.'

ஆண்டுகள் பல கழிந்தன. ஒருநாள், தீவில் வாழும் அரசனின் தங்கை காய்ச்சலில் கிடக்கிறாள், அண்ணனைப் பார்க்கத் துடிக்கிறாள் என்று ஓலை வந்தது.

அரசன் முகம் வெளுத்தது. அவையின் விகடகவியைப் பார்த்து, "வெண்காடா, நீ என்னோடு வா. தனியாக என்னால் படகில் ஏற முடியாது" என்றான்.

களஞ்சியத் தலைவர் மதுராந்தகருக்கு வயிறு எரிந்தது. விகடகவிக்கு அரசரோடு பயணமா? சட்டென்று எழுந்து கைகூப்பினார்.

"அரசே, வெண்காடர் இந்த அவையின் அறிவுச்சுடர். அவர் இல்லாமல் நாடு நடக்குமா? சட்டம் தடுக்கிறதே!"

"ஆம் அரசே, அவரை இழக்க நாங்கள் ஒப்ப மாட்டோம்" என்று தளபதி ஏகவீரரும் ஒத்து ஊதினார்.

ஒருநாளும் தன்னைப் புகழாத வாய்கள் புகழ்வதைக் கேட்டு வெண்காடன் திகைத்துப்போனான்.

அரசனுக்கு எரிச்சல் வந்தது. "சட்டத்தையும் மீறக் கூடாது, தனியாகவும் நான் போக மாட்டேன். வெண்காடா, உச்சிப்பொழுதுக்குள் வழி சொல். இல்லையேல் உனக்கு இந்த அவையில் இடமில்லை!"

வெண்காடன் ஓர் ஓலையை எடுத்து ஏதோ எழுதி, மதுராந்தகரிடம் நீட்டினான். "ஐயா, இதில் கையெழுத்திட்டால் தாங்களே அரசரோடு போகலாம்."

மதுராந்தகர் ஆசையாய் வாங்கி உரக்கப் படித்தார்: "'நான் இல்லாவிட்டாலும் இந்த நாட்டுக்கு ஒரு குறையும் வராது.'" ஓலையை வெண்காடனிடமே திருப்பி நீட்டினார். "என்ன பேச்சு இது! நான் இல்லாவிட்டால் களஞ்சியம் என்னாவது?"

"தளபதியாரே, தாங்கள்?"

"படை என்னாவது?" என்று ஏகவீரர் பின்வாங்கினார்.

அவை முழுவதும் ஓலை சுற்றிவந்தது. ஒருவரும் எழுத்தாணியைத் தொடவில்லை. கடைசியில் வெண்காடன் அதில் தன் பெயரை எழுதினான்.

"அரசே, நான் இல்லாவிட்டாலும் நெல் விளையும், வரி வரும், படை நடக்கும். இப்போது நான் ஏறலாமா?"

அரசன் தாழ்ந்த குரலில் கேட்டான்: "எனக்கு நீ வேண்டுமே, வெண்காடா?"

"சட்டம் நாட்டுக்கு வேண்டியவர்களைத்தானே தடுக்கிறது, அரசே? தங்களுக்கு வேண்டியவர்களைத் தடுக்கவில்லையே!"

அரசன் அவனை அணைத்துக்கொண்டான். இருவரும் படகேறினார்கள்.

கரை மறைந்ததும் வெண்காடனுக்குத் தலை சுற்றியது. அதுவரை படகில் கால் வைத்தறியாதவன். குடலே வெளியே வருவதுபோல வாந்தியெடுத்தான். அரசன் அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான், முதுகை நீவினான், தன் பட்டுச் சால்வையால் வாய் துடைத்துவிட்டான். அந்தப் பரபரப்பில், அலையைப் பார்க்கவே அவன் மறந்துபோனான். நிமிர்ந்தபோது தீவு வந்திருந்தது. தங்கை வீட்டு வாசலில், காய்ச்சல் தணிந்த அவள் தூணைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

அவளைக் கண்ட மகிழ்ச்சியில், அரசன் விகடகவிக்குப் பத்து வேலி நிலம் கொடுப்பதாக அறிவித்தான்.

"எந்த ஊரில் வேண்டும், சொல்!"

வெண்காடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான்: "எந்த ஊரானாலும் சரி, அரசே. நடந்தே போகிற ஊராக இருக்கட்டும்."

அரசன் விழுந்து விழுந்து சிரித்தான்.