மூன்று பக்கம் வாங்கிய மவுஸ்

தூத்துக்குடியில் ஒரு பேக்கரிக்கு மேலே, மாடியில், கேம் விளையாடுகிற கடை ஒன்று இருந்தது. ஒரு வியாழக்கிழமை அந்த மாடிக்குப் புது மவுஸ் ஒன்று வந்து சேர்ந்தது. பெயர் சூறாவளி. பெயருக்கு ஏற்ற வேகம் இருந்ததோ இல்லையோ, தலைக்கனம் மட்டும் டப்பாவுக்குள் அடங்காமல் வந்திருந்தது.

டப்பாவைத் திறந்ததும் முதலில் வெளிச்சம் வந்தது. பிறகுதான் மவுஸ் வந்தது. முதுகில் ஏழு வண்ண விளக்கு. விலாவில் பன்னிரண்டு பொத்தான். வயிற்றுக்குள் கனம் கூட்டுவதற்கென்றே ஐந்து இரும்பு வில்லை. திருவிழாச் சப்பரம் மாதிரி மேசைமேல் வந்து உட்கார்ந்தது.

அங்கே ஏற்கெனவே இன்னொரு புது மவுஸ் இருந்தது. சாம்பல் நிறம், விளக்கு கிளக்கு ஒன்றும் கிடையாது, வழுவழு என்று இருந்தது. கீபோர்டு அதற்கு மொட்டை என்று பெயர் வைத்திருந்தது. நூற்றுச் சொச்சம் வாய் உள்ள கீபோர்டுக்கு ஊர்வம்பு பேசாமல் பொழுது போகாது.

"அண்ணாச்சி, விஷயம் தெரியுமா?" என்றது கீபோர்டு. "ஞாயித்துக்கிழமை கேம் போட்டி ஃபைனல். நம்ம ரெக்சலின் ஆடுதா. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரத்தான் கூட்டிட்டுப் போவா. இன்னொருத்தரு திரும்ப டப்பாக்குள்ள போயி, கம்பெனிக்கே போயிர வேண்டியதுதான்."

சூறாவளிக்கு உள்ளே திக்கென்றது. நாலு மாதம் டப்பாவுக்குள் கிடந்து வந்தது அது. அந்த இருட்டையும் தெர்மாக்கோல் நாற்றத்தையும் அது இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"என்னைப் பாத்த பொறவு மொட்டையக் கூட்டிட்டுப் போக, அவளுக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

"உங்களுக்கே கிடைக்கட்டும் அண்ணாச்சி," என்றது மொட்டை. அது அதற்குமேல் பேசுகிற ரகம் இல்லை.

ரெக்சலின், செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத குடும்பத்தில் பிறந்தவள். மவுஸ் விஷயத்திலும் அப்படித்தான். சாயங்காலம் வேலை முடிந்து மாடி ஏறியதும் ஒரு நீள நோட்டையும் நீலப் பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு சோதனையைத் தொடங்கினாள்.

முதலில் சமையல்கட்டுத் தராசில் வைத்து நிறுத்தாள். மொட்டை அறுபது கிராம்கூட இல்லை. சூறாவளி நூற்று முப்பத்தைந்து. உடனே நோட்டில் ஏதோ எழுதினாள்.

"பாத்தியாலே? கனம் இருந்தாத்தான் மதிப்பு," என்று மொட்டையிடம் கிசுகிசுத்தது சூறாவளி.

அடுத்து, வேகம். அவள் கை ஒரு நகக்கண் அளவு நகர்ந்தது. சூறாவளி, அம்புக்குறியைத் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. மறுபடியும் எழுதினாள். பிறகு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடியில் கொடுத்துத் தூக்கினாள். இரண்டு அட்டைக்கே மொட்டை, அடியில் உள்ள சென்சார் கண்ணை மூடிக்கொண்டது. சூறாவளியோ ஆறு அட்டை உயரத்திலும் கண்ணை மூடாமல் தரையைப் பார்த்து, அம்பை அசைத்துக்கொண்டே இருந்தது. இதற்கு நாலு வரி எழுதினாள்.

பிறகு விளையாடிப் பார்த்தாள். கட்டைவிரல் வைக்கிற இடமெல்லாம் பொத்தான். சும்மா பிடித்தாலே ஏதாவது ஒன்று அமுங்கியது. அப்படி அமுங்கியதில், திரைக்குள் இருந்த அவளுடைய ஆள் தன் காலடியிலேயே குண்டைப் போட்டுக்கொண்டு செத்தான். ஒரு பக்கம் நிறைய எழுதினாள்.

கடைசியாக விளக்கை அணைத்து, வேகத்தைக் குறைத்து, வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினாள். சூறாவளி விடுமா? மறு நொடியே பழையபடி ஏழு வண்ணமும் எரிந்தது, வேகமும் உச்சத்துக்குப் போனது. ரெக்சலின் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மொத்தம் மூன்று பக்கம்! மொட்டையின் பக்கத்தில் தலைப்பில் பெயர் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒரு புள்ளி இல்லை.

கீபோர்டு இந்தச் செய்தியை ஸ்பீக்கரிடம் சொல்லி, ஸ்பீக்கர் எல்லோரிடமும் சொல்லிவிட்டது. சூறாவளிக்குத் தலைகால் புரியவில்லை. வெற்றி வந்தால் தோற்றவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்ற பெருந்தன்மையும் கூடவே வந்துவிட்டது.

"மனசத் தளர விடாதலே மொட்டை. எல்லாருக்கும் மூணு பக்கம் எழுதுத மாதிரி வாழ்க்க அமையாது."

அப்போது நோட்டுமேல் படுத்திருந்த பேனா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"என்ன வே சிரிப்பு?" என்றது சூறாவளி.

"எம் மையத் தீத்தது பத்தாதுன்னு சிரிக்க வேற வைக்கீரே! அது குறை எழுதுத நோட்டு வே. நல்லதா ஒரு வரி அவ இதுவரை எழுதுனதே கிடையாது. நல்லா இருக்குறது கைக்கே தெரியும், அதுக்கு எதுக்கு மைய வீணாக்கணும்னு சொல்லுவா."

சூறாவளிக்கு நம்ப முடியவில்லை. "எங்க, ஒரு வரி சொல்லும் பாப்போம்."

"மொதல் வரி, 'அம்மிக்கல் கணக்கா இருக்கு.' ரெண்டாவது, 'குறி பாத்த இடத்துல நிக்காம தாண்டி ஓடுது.' அட்டை வச்சுப் பாத்ததுக்கு, 'தூக்கி வேற இடத்துல வைக்கும்போதும் பாக்கறத விடமாட்டேங்குது. அதனால குறி இழுத்துக்கிட்டுப் போகுது.' ரெண்டு கோடு போட்டது என்னன்னு சொல்லவா?"

"வேண்டாம்."

"'சொன்ன பேச்சு கேக்காது.'"

சூறாவளியின் விளக்கு தானாக மங்கியது. எதையெல்லாம் காட்டி மார்தட்டியதோ, அதெல்லாம் ஒரு பெண்ணுடைய கைக்குப் பாரமாக இருந்திருக்கிறது. வெட்கம் பிடுங்கித் தின்றது. வெட்கத்துக்குப் பின்னாலேயே டப்பாவின் நினைப்பும் வந்துவிட்டது.

"இனி என்ன செய்ய?" என்று கேட்டது. குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"சனிக்கிழமை இன்னொரு தடவ பாப்பா. அவ சொன்னதக் கேளும்."

"அவ சொல்லுத எல்லாத்தையும் விட்டுட்டா, பொறவு நான்னு சொல்ல என்ன வே மிஞ்சும்?"

பேனாவுக்கு அது தெரியவில்லை. எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது?

சனிக்கிழமை, அணித் தலைவர் சுடலைமுத்துவும் வந்திருந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஏ பிள்ள, பேசாம அந்தச் சாம்பல் மவுஸ எடுத்துக்க. மூணு பக்கம் குறை உள்ளத வச்சு எதுக்கு நோண்டிக்கிட்டு இருக்க?"

"இருங்கண்ணே. குறைய எழுதுனது திருத்திப் பாக்கத்தானே? திருத்தியும் கேக்கலன்னா டப்பால போட்டுருவோம்."

அன்றைக்கென்று கடையில் ஏசி ஓடவில்லை. தூத்துக்குடிப் புழுக்கத்தைச் சொல்லவே வேண்டாம். முதலில் மொட்டையை வைத்து ஒரு மணி நேரம் ஆடினாள். முக்கால் மணி வரை ஒரு குறையும் இல்லை. அப்புறம் உள்ளங்கை வியர்த்தது. மொட்டையின் வழுவழு உடம்பு பிடியிலிருந்து இரண்டு முறை நழுவியது. மொட்டையின் பக்கத்தில் முதல்முறையாக ஒரு வரி விழுந்தது.

அடுத்தது சூறாவளி. ரெக்சலின் அதன் வயிற்றைத் திறந்து ஐந்து வில்லைகளையும் எடுத்தாள். பன்னிரண்டில் பத்துப் பொத்தானைத் தூங்க வைத்தாள். வேகத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினாள். ஓர் அட்டை உயரத்திலேயே கண்ணை மூடும்படி சொன்னாள். விளக்கை அணைத்தாள். ஒவ்வொன்றுக்கும் சூறாவளிக்கு வலித்தது. பிறகு வயரைப் பிடுங்கினாள்.

திரும்பச் செருகிய அந்த நொடியில் பழைய குணம் தொண்டை வரைக்கும் வந்தது. எரி, ஓடு, யாரென்று காட்டு என்று அது முண்டியது. சூறாவளி பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்கியது. அவள் வைத்தது வைத்தபடியே இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. ஒரு மணி நேரம் ஆயிற்று. பேனா அசையவில்லை. விலாவில் வரிவரியாகச் சொரசொரப்பு இருந்ததால் வியர்த்த கையிலும் பிடி நின்றது. சூறாவளி அதைப் பற்றி ஒருநாளும் பெருமை பேசியதில்லை. தனக்கு அப்படி ஒன்று இருப்பதையே அது அன்றுதான் கவனித்தது. ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

"அய்யோ, அண்ணாச்சிக்கு ஒண்ணுமே எழுதலியே!" என்று கீபோர்டு அங்கலாய்த்தது.

"சத்தம் போடாதயும்," என்றது சூறாவளி. "எழுதிரப் போறா."

எழுதவில்லை. ரெக்சலின் பேனாவை மூடிவைத்துவிட்டு, மொட்டையை டப்பாவில் எடுத்து வைத்தாள்.

சூறாவளிக்குச் சந்தோஷமும் வந்தது, துக்கமும் வந்தது. "மன்னிச்சுக்கோலே, உன்னையப் போயி மொட்டை மொட்டைன்னு..." என்று இழுத்தது.

"அட விடுங்க அண்ணாச்சி. கம்பெனில போயி நானும் ஒரு சொரசொரப்பு வச்சுட்டு வாரேன்," என்றது மொட்டை. அதற்குள் மூடி விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்த கூட்டம். கடைசி ஆட்டத்தில் ரெக்சலின் அணியில் மற்ற நாலு பேரும் விழுந்துவிட்டார்கள். எதிரில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவள் கை நகர்ந்தது. சூறாவளி அந்த அளவே நகர்ந்தது, ஒரு மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. ஒன்று. இரண்டு. கை சற்று நின்றது, சூறாவளியும் நின்றது. எதிரி சுவரோரம் தலையை நீட்டினான். மூன்று.

மண்டபமே எழுந்து கத்தியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு ரெக்சலின் குதித்தாள். அந்தக் குதிப்பில் சூறாவளி மேசையிலிருந்து விழுந்து, வயரோடு தலைகீழாகத் தொங்கியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரெக்சலின் சுடலைமுத்துவைக் கட்டிக்கொண்டாள், கூட வந்திருந்த கீபோர்டுக்கு ஒரு முத்தம் கொடுத்தாள், தாகத்துக்குக் குடித்த சோடா பாட்டிலைக்கூடத் தூக்கிக் காட்டினாள்.

தோற்ற அணிக்காரன் ஒருவன் கை கொடுக்க வந்தான். "சூப்பர்க்கா. எந்த மவுஸ்ல ஆடுனீங்க?"

மவுஸைப் பிடித்திருந்த நினைவே ரெக்சலினுக்கு வரவில்லை. வெறுங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "மவுஸா?" என்றாள். "கையாலதான ஆடுனேன்!"

தலைகீழாகத் தொங்கியபடியே சூறாவளி சிரித்த சிரிப்பில், வயர் வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.