நாச்சிமுத்துவின் கால் அளவு

ஞாயிறு காலை ஓட்டத்தை முடித்துவிட்டு சைக்கிள் குழு வடவள்ளி பேக்கரியில் உட்கார்ந்திருந்தது. நாச்சிமுத்துவும் குழுவின் பனியனோடு உட்கார்ந்திருந்தார், பஸ்ஸில் வந்து. எட்டு மாதமாக இப்படித்தான். சைக்கிள் வாங்கவில்லை; தேங்காய் பன்னை மட்டும் ஒரு வாரமும் விட்டதில்லை. குழுத் தலைவி கோகிலவாணி பல் டாக்டர். பல்லைப் பிடுங்குகிற அதே குரலில் இன்று சொல்லிவிட்டார்: அடுத்த வாரம் சைக்கிளோடு வராவிட்டால் பேரை எடுத்துவிடுவேன். நாச்சிமுத்துவோ வீட்டில் பேச ஆளில்லாத மனிதர். அவர் பேச்சைக் கேட்க மிச்சமிருந்தது இந்த ஒரு மேசைதான்.

ஆகவே வாயைத் திறந்தார்.

"வாங்காம இருப்பனுங்களா டாக்டர்? எந்தச் சைக்கிளும் எனக்கு ஒத்துவரல. கால் நெட்டை, உடம்பு குட்டை, கை அதைவிடக் குட்டை. ஆண்டவன் மூணு பேரைச் செஞ்சு, மிச்சம் விழுந்ததை ஒட்டி என்னை அனுப்பிட்டான். மொதக் கடையில இருக்கறதுலயே பெரிய சைக்கிள். காலுக்குச் சரி, ஹேண்டில் எட்டல. கடைக்காரரே அதைப் புடிச்சுட்டு முன்னால ஓடி வந்தாரு."

"எவ்வளவு தூரம்ங்க?" என்றார் மெக்கானிக் ஸ்டீபன், டீயை ஊதிக்கொண்டே.

"பேரூர் வரைக்கும். பாவம், எளைச்சுட்டாரு. அடுத்த கடையில சீட்டை ஏத்துனாங்க, ஏத்துனாங்க, தலை போய் ஃபேன்ல இடிச்சுது. எனக்கு முடி கொட்டுனது வயசாலன்னா நெனைச்சீங்க?"

யாரோ புரையேறிச் சிரித்தார்கள். நாச்சிமுத்துவுக்குத் தைரியம் வந்தது. தைரியம் வந்தால் அவர் வாய் நிற்காது.

"கடைசியா, சொந்தமா ஒண்ணு செய்யச் சொன்னேன். சிக்னல்ல நின்னா மாடி வீட்டுக்காரங்க ஜன்னல் வழியா காபி கொடுப்பாங்க. பெடலை மிதிச்சா, சேதி சக்கரத்துக்குப் போய்ச்சேர அரை மணி. ஒருநாள் காந்திபுரத்துல பிரேக் புடிச்சேன், பல்லடத்துல போய் நின்னுது. திரும்பிப் பார்த்தா பின்சக்கரம் இன்னும் காந்திபுரத்துல பச்சை விழட்டும்னு நிக்குது! போன்ல பேசித்தான் ரெண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தோம்."

"அந்தச் சைக்கிள் இப்ப எங்க?" கோகிலவாணி சிரிக்கவில்லை.

"நொய்யல் ஆத்துக்குக் குறுக்கால நிறுத்துனேன். சனங்க பாலம்னு நெனைச்சு அது மேல போக ஆரம்பிச்சுட்டாங்க. எடுக்க மனசு வரல."

ஸ்டீபன் டம்ளரை வைத்தார். "கால் அளவு என்னங்க?"

"நாப்பத்தி நாலு இன்ச். தையல்காரர் எழுதிக் கொடுத்த சீட்டே இருக்கு."

ஸ்டீபன் அவரைச் சுவரோடு நிற்கவைத்தார். ஒரு பிஸ்கட் அட்டையைத் தொடைகளுக்கு நடுவே மேலே வரை அழுத்தி, அங்கிருந்து தரைக்கு டேப்பைப் பிடித்தார். சைக்கிளுக்கு அப்படித்தான் அளப்பார்கள். மேசையே எட்டிப் பார்த்தது.

"முப்பது. எல்லாருக்கும் இருக்கற கால்தானுங்க. தையல்காரர் அளந்தது பேண்ட்டை. நீங்க அதை நெஞ்சுல கட்டறீங்க."

பேக்கரியே சிரித்தது. நாச்சிமுத்து பெல்ட்டைப் பார்த்தார். குனிய வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"அட, இத்தனை வருசமா நெட்டையா இருந்தது நானில்லீங்களா, பேண்ட்டுங்களா?"

தன் கதை முடிந்தது என்றே நினைத்தார். மெதுவாகப் பனியனைக் கழற்றப் போனார்.

"பனியன் உடம்புலயே இருக்கட்டும்," என்றார் கோகிலவாணி. "உங்க அளவுக்கு ஸ்டீபன்கிட்ட ஒரு சைக்கிள் சும்மாதான் நிக்குது. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணி. பேண்ட்டை இடுப்புக்கு எறக்கிட்டு வந்துருங்க."