முயல் தேடிய சதுரங்கத் துணை

ஒரு மலைக்காட்டில் கோடை வந்தால் எல்லாக் குட்டைகளும் வற்றிவிடும். பாறைச் சுனை ஒன்றில் மட்டும்தான் தண்ணீர் இருக்கும். இந்தப் பக்கத்து முயல்களும் குன்றுக்கு அந்தப் பக்கத்து நரிகளும் அங்கேதான் வர வேண்டும்.

அடித்துக்கொண்டு சாகக் கூடாது என்று அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கோடை தொடங்கும் நாளில் இரண்டு கூட்டத்திலிருந்தும் ஒருவர் வந்து பாறைமேல் சதுரங்கம் ஆட வேண்டும். ஜெயித்த கூட்டம் காலையில் தெளிந்த தண்ணீரைக் குடிக்கும். தோற்ற கூட்டம் சாயங்காலம் வந்து சேற்றைக் குடிக்கும்.

போன கோடையில் முயல்கள் தோற்றுப்போயின. சேற்றுத் தண்ணீர் குட்டிகளின் வயிற்றைக் கெடுத்தது. செம்பி என்ற முயலின் கடைக்குட்டி பிழைத்ததே பெரும்பாடு.

"இந்த வருஷம் நான் ஆடுறேன்!" என்று செம்பி முன்னே வந்தது.

"நீ நல்லா ஆடுவியா?" என்று கேட்டது முயல்களின் தலைவர் கொம்பன். பெயர்தான் கொம்பன். கொம்பெல்லாம் கிடையாது.

"சுமாரா ஆடுவேன். பழகிக்க ஒரு துணை வேணும்."

அந்தக் காட்டில் சதுரங்கம் பழக்கிவிடுபவர்கள் மூன்று பேர். யானை, கிளி, பச்சோந்தி. யார் சிறந்தவர் என்று பார்க்கக் கொம்பன் ஒரு வேலை செய்தது. மூவரையும் ஒருவரோடு ஒருவர் ஆடவிட்டது. யானை மற்ற இருவரையும் துவைத்து எடுத்துவிட்டது. அப்படி ஒரு ஆட்டத்தை அந்தக் காடு பார்த்ததே இல்லை!

"முடிஞ்சுது! யானையாரே போதும்!" என்று கொம்பன் குதித்தது.

"என் கூலி தெரியுமா?" என்றது யானை. "உங்க அருகம்புல் மேடு முழுசும் இந்தக் கோடைக்கு எனக்கு."

முயல்களுக்கு முகம் தொங்கிப்போனது. இருந்தாலும் ஜெயிக்க வேண்டுமே!

"தலைவரே, கொஞ்சம் பொறுங்க," என்றது செம்பி. "அவங்களுக்குள்ள யார் ஜெயிச்சா எனக்கு என்ன? ஆடப்போறது நான். ஒவ்வொருத்தர்கூடவும் ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துட்டுச் சொல்றேன்."

எனக்கு இந்த முயலைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். ஊரே கைதட்டும்போது நின்று யோசிக்க எத்தனை பேருக்கு வரும்?

முதலில் யானையோடு ஆடியது. காதை ஒருமுறை சிலிர்ப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது.

"நான் எங்க தப்புப் பண்ணினேன், யானையாரே?"

"எல்லாத்துலயும்தான்! அடுத்த ஆட்டம் ஆடலாமா?"

அடுத்ததும் அப்படியே போனது. எங்கே தப்பு என்பது மட்டும் செம்பிக்குத் தெரியவே இல்லை.

பிறகு கிளியிடம் போனது. கிளியின் கூலி ஒரு கூடை கொய்யா. கிளி காட்டிய வித்தைகளைச் சொல்லி மாளாது! பழைய ஆட்டங்களை மனப்பாடமாக ஒப்பித்தது. காய்களுக்குப் பூ இதழ் ஒட்டி அழகு பார்த்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பாட்டுப் பாடியது. சிங்கத்தின் குரலில் "செக்!" என்று கத்தியது. செம்பி விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், யார் ஜெயித்தார்கள் என்பதே ஞாபகம் வரவில்லை.

கடைசியில் பச்சோந்தி. கூலி, தினம் ஒரு பிடி வெட்டுக்கிளி.

"உனக்கு எந்த நிறத்துல ஆடணும்?" என்று கேட்டது பச்சோந்தி. "பச்சைன்னா மெதுவா ஆடுவேன். பழுப்புன்னா கொஞ்சம் கஷ்டம். கறுப்புன்னா என் முழு பலமும்."

"நரி மாதிரி ஆட முடியுமா, அண்ணே?"

"போன கோடையில அந்த ஆட்டத்தைக் கிளையில இருந்து பாத்தேனே!" என்று பச்சோந்தி செம்பழுப்பாக மாறியது.

ஆட்டம் நடந்தது. நடுவில் பச்சோந்தி தன் குதிரையைச் சும்மா விட்டுவைத்தது. செம்பி பாய்ந்து வெட்டியது. அடுத்த மூன்றே நகர்த்தலில் செம்பியின் ராஜா மாட்டிக்கொண்டது.

பச்சோந்தி காய்களைத் திருப்பி அடுக்கியது. "இங்கதான் உனக்கு வாய் ஊறிப்போச்சு. நரி ஒண்ணைக் கொடுத்தா, எதுக்குக் கொடுக்குதுன்னு முதல்ல கேளு. சரி, இங்கேருந்தே மறுபடி ஆடு!"

செம்பி துள்ளிக்கொண்டு வந்தது. "பச்சோந்தி அண்ணன்தான் என் துணை!"

"நிறம் மாறுறவனை நம்புறதா?" என்று கொம்பன் கத்தியது. "யானைகிட்ட தோத்த ஆளு அது!"

"நான் மோதப்போறது நரியோட, தலைவரே. யானையோட இல்ல."

"தோத்தா?"

"தோத்தா எங்க குட்டிங்கதான் முதல்ல சேறு குடிக்கும். அது எனக்குத் தெரியாதா?" என்றது செம்பி.

அன்றிலிருந்து காலையில் வெட்டுக்கிளி பிடிப்பதும், பிறகு ஆடுவதும், தோற்பதும், தோற்ற இடத்திலிருந்து மறுபடி ஆடுவதுமாகப் பொழுது போனது. பச்சோந்தி பச்சையில் தொடங்கியது. செம்பி ஜெயிக்க ஜெயிக்கப் பச்சோந்தியின் நிறம் கறுத்துக்கொண்டே வந்தது.

கோடையின் முதல் நாள் வந்தது. பாறையைச் சுற்றி இரண்டு கூட்டமும் நின்றன. நரி மீசையை நீவிக்கொண்டு உட்கார்ந்தது.

"என்ன தங்கச்சி, யானையாருக்குக் கூலி கொடுக்க முடியலையாமே?"

செம்பி தன் முதல் காயை நகர்த்தியது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. திடீரென்று நரி தன் ராணியையே கொண்டுவந்து செம்பியின் மந்திரி வெட்டக்கூடிய கட்டத்தில் வைத்தது.

"வெட்டு! வெட்டு!" என்று முயல்கள் கூச்சல் போட்டன. கொம்பன் தலையில் அடித்துக்கொண்டது.

செம்பியின் கை மந்திரிவரை போனது. நின்றது. 'ராணியை எதுக்குக் கொடுக்குது?' மந்திரி நகர்ந்தால் ராஜாவுக்கு முன்னால் வழி திறந்துவிடும். கையை எடுத்து, ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கி வைத்தது.

நரியின் மீசை தொங்கிவிட்டது. ராணியைக் காப்பாற்ற அது பின்வாங்க வேண்டியதாயிற்று. செம்பிக்கு அந்த அவகாசமே போதும். குதிரை பாய்ந்தது, சிப்பாய் நகர்ந்தது, நரியின் ராஜாவுக்குப் போக இடமில்லை!

"செக் மேட்!" என்றது செம்பி.

கூட்டம் ஆர்ப்பரித்தது. கொம்பன் ஓடிவந்து பச்சோந்தியைக் கும்பிட்டது. "அப்போ நீங்க யானையாரைவிடப் பெரிய ஆளா?"

"ஐயோ, அவரை ஜெயிக்க யாராலயும் முடியாது!" என்றது பச்சோந்தி.

பக்கத்தில் நின்ற யானை துதிக்கையை உயர்த்திச் சிரித்தது. "நான் ஜெயிச்சுக் காட்டுவேன். நீ ஜெயிக்கவைக்கிறே. உன் தொழில் எனக்கு வராதப்பா!" தன்னிடம் தோற்றவனை வாயாரப் பாராட்ட அந்த யானைக்கு எவ்வளவு பெரிய மனசு!

மறுநாள் விடிந்ததும் செம்பியின் கடைக்குட்டிதான் முதலில் சுனைக்கு ஓடியது. அடியில் கிடந்த கூழாங்கல்கூடத் தெரிந்தது. அது வயிறு முட்டக் குடிப்பதைச் செம்பி பார்த்துக்கொண்டே நின்றது.

விலையையும் வித்தையையும் பலத்தையும் பார்த்து மயங்காமல், நம் தேவைக்கு எது உதவும் என்று தானே சோதித்துத் தேர்ந்தெடுப்பவரே வெற்றி பெறுவார்.