சீரிஸில் ஏன் ஒரே ஒரு மலை

அந்தக் காலத்தில் வானத்துக் கற்களுக்கு வாய் இருந்தது. காதும் இருந்தது, வினை அந்தக் காதால்தான் வந்தது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் ஒரு பெரிய கல்கூட்டம் சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் பெரியது சீரிஸ். கற்களோடு நிறுத்தினால் உருண்டையாக, லட்சணமாக இருக்கும். கோள்களோடு நிறுத்தினால் இடுப்பு உயரத்துக்குக்கூட வராது. இரண்டுங்கெட்டான். பந்தியில் எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று யாருக்கும் தெரியாமல், கடைசியில் குறுங்கோள் என்று சொல்லித் தனி இலை போட்டார்கள்.

அங்கே மூன்று பேர் குடியிருந்தார்கள். மேலே இருந்தவள் கரிச்சி. அவள் மண், அடுப்புக்கரியைப் பொடித்துப் பூசியது மாதிரி கறுப்பு. கீழே அவளுடைய தம்பி சில்லாண்டி. அவன் பனிக்கட்டி. அவனோடு அவன் மனைவி உவரி. அவள் உப்பு. உப்புக் கலந்த தண்ணீர் லேசில் உறையாது என்பது தெரிந்த சங்கதிதானே. உவரி கூட இருந்ததால்தான் சில்லாண்டியின் கைகால் அசைந்தது. இல்லாவிட்டால் அவன் வெறும் பாறைதான்.

உவரிக்கு ஒரே ஒரு பயம், வெயில். சில்லாண்டியின் அண்ணன்மார் இரண்டு பேர், "சும்மா எட்டிப் பாத்துட்டு வந்துடுறோம்" என்று முன்னொரு காலத்தில் ஒரு வெடிப்பு வழியாக மேலே போனார்கள். வெயில் பட்டதும் கற்பூரம் மாதிரிப் போய்விட்டார்கள். உருகி ஓடியிருந்தாலாவது வழித்து எடுத்துக்கொண்டு வரலாம். இது அப்படியே காற்றாய்ப் போன கதை. போகிறவர்களைப் பிடித்து நிறுத்துகிற பலமும் அந்தச் சின்னக் கோளுக்குக் கிடையாது. அதிலிருந்து உவரி தினமும் கூரையைத் தடவிப் பார்ப்பாள். கரிச்சியின் மண் எங்கும் கிழியாமல் மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வரும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கல்கூட்டத்தில் குடியிருந்தால் கல்லடி படாமல் முடியாது. கரிச்சியின் மேல் கல் விழுந்து பள்ளமானால், சில்லாண்டி கீழிருந்து தோள் கொடுத்து மெதுவாக முட்டுவான். ஆயிரம் வருஷத்துக்கு ஒரு விரற்கடை. பள்ளம் மேடேறிச் சமமானதும் கரிச்சி "போதும்" என்பாள். அவன் தோளை எடுத்துவிடுவான். இருட்டில் இருக்கிறவனுக்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரியாது. அக்காவின் அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்குக் கணக்கு.

இப்படியே இருந்திருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கோணல் பாதையில் சுற்றுகிற உருளான் என்கிற கல் ஒன்று நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கம் வரும். நாலு வீட்டுச் சேதியை எட்டு வீட்டில் சொல்வதுதான் அதற்குப் பிழைப்பு.

ஒருமுறை வந்தபோது உருளான் கரிச்சியை மேலும் கீழும் பார்த்தது. "செவ்வா வீட்டு மலையப் பாத்தியா கரிச்சி? அம்மாம் உசரம். நீயும் இருக்கியே, தோசைக்கல்லு மாதிரி."

"எனக்கு எதுக்கு மலை?" என்றாள் கரிச்சி. ஆனால் அன்றைக்கு அவளுக்கு மனசு சரியில்லை. செவ்வாய் இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு பெரிய கல் விழுந்தது. பள்ளமும் பெரியது. சில்லாண்டி வழக்கம்போலத் தோள் கொடுத்தான், உவரியும் அவனுக்குள் இருந்து நெம்பினாள். வருஷங்கள் போயின. பள்ளம் நிரம்பிச் சமமானது. "போதும்" என்ற வார்த்தை கரிச்சியின் வாய் வரைக்கும் வந்தது. அதை அவள் விழுங்கிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள்.

கீழே உவரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஏங்க, இவ்வளவு நாள் ஆனதே இல்லையே. மதினி இன்னும் சொல்லலையே?"

"அடி பலமாப் பட்டிருக்கும். பாவம், வலிக்குதோ என்னமோ" என்றான் சில்லாண்டி. அக்கா என்றால் அவனுக்கு உயிர். இன்னும் கொஞ்சம் முட்டினான்.

உவரி கூரையைத் தடவினாள். விறைப்பாக இருந்தது. மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். "மதினி, பள்ளம் சரியாப் போச்சா?"

கரிச்சி செவ்வாய் இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "இன்னும் கொஞ்சம் இருக்கு உவரி" என்றாள்.

அந்தப் பொய் மலையாக வளர்ந்தது. சமதரை நடுவில், பக்கத்தில் ஒரு குன்றுகூட இல்லாமல், பொங்கல் பானை பொங்கி எழுந்த மாதிரி ஒற்றை மலை எழுந்தது. அப்போது அந்தப் பக்கம் வந்த உருளான் வாயைப் பிளந்தது. அக்கம்பக்கத்துக் கற்கள் வந்து பார்த்துவிட்டுப் போயின. கரிச்சிக்குத் தலைகால் புரியவில்லை. தோல் இழுபட்டு வலித்தது. அந்த வலியும் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இழுக்கிற துணி எவ்வளவுதான் தாங்கும்? மலையின் சரிவில் கரிச்சி கிழிந்தாள். வெடிப்பு வழியாக வெயில் உள்ளே இறங்கியது.

"தம்பி, போதும், போதும்" என்றாள் கரிச்சி. அவள் சொன்னபோது சில்லாண்டியின் தோள் புகைய ஆரம்பித்திருந்தது.

"தோள உருவுங்க" என்றாள் உவரி.

"முடியல புள்ள. மலைக்குள்ள மாட்டிக்கிச்சு."

உவரி பார்த்தாள். அண்ணன்மார் போன மாதிரியே இவனும் போகப் போகிறான் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மதினி மேல் கோபம் வந்தது. கோபப்பட நேரம் இல்லை.

"நான் வெடிப்புக்குப் போறேன்" என்றாள். "நான் நின்னா அடைபட்டுப் போகும்."

"நீ போயிட்டா நான் அசைய முடியாதே உவரி."

"அசையாம கெடந்தா இருப்பீங்க. எனக்கு அது போதும்."

அவனை விட்டு அவள் பிரிந்தாள். தோளில் கசிந்த ஈரத்தோடு ஏறி வெடிப்புக்கு வந்தாள். வெயில் ஈரத்தை உறிஞ்சியது. உப்பை அதால் தொட முடியவில்லை. வெந்நீர் அண்டாவின் அடியில் படிகிற மாதிரி உவரி படிந்தாள். ஏடு மேல் ஏடாகப் படிந்து, வெடிப்பு முழுக்க வெள்ளையாக இறுகி நின்றாள். உள்ளே வெயில் போவது நின்றது. சில்லாண்டி பிழைத்தான். பிழைத்து, பாறையாக உறைந்தான்.

உவரி வீட்டுக்கு வெளியே நின்றாள். நகர முடியாது, நகர்ந்தால் வெடிப்புத் திறந்துகொள்ளும். வாழ்நாளெல்லாம் யாரை வெயில் படாமல் காத்தாளோ அவன் கீழே இருட்டில், அவள் மேலே வெயிலில். கூப்பிட்டாள். பதில் வரவில்லை.

உருளான் மறுபடி வந்தது. "மலையே அழகு கரிச்சி. சரிவுல வெள்ள வெள்ளையா என்ன அது, நகை போட்டிருக்கியா?"

"அது என் தம்பி பொண்டாட்டி" என்றாள் கரிச்சி. உருளான் முதன்முறையாகப் பேசாமல் போனது.

ஆயிரக்கணக்கான வருஷங்கள் கழித்து, உவரி தன் காலடியில் ஏதோ அசைவதை உணர்ந்தாள். மலை ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. உவரி கிளம்பியபோது அவளுடைய உப்பில் ஒரு துளி சில்லாண்டியின் உடம்பில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இவனுக்கு உள்ளே மிஞ்சியதே அந்த உப்புத்தான். அதை வைத்துக்கொண்டு அவன் அசைந்தான்.

கரிச்சிக்கும் தெரிந்துவிட்டது. "தம்பி, என்னப்பா பண்ணுற?"

கீழிருந்து குரல் வர ஒரு தலைமுறைக் காலம் ஆனது. "தோள இறக்குறேன்க்கா."

"மலை போயிடுமே" என்று கரிச்சியின் வாய் தன்னால் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு வெட்கிப்போனாள்.

"போகட்டும். அவ வெளியில நிக்கிறா. வெடிப்புத் தெறக்காம, அப்படியே வீட்டுக்கு இறக்கிக் கொண்டாரணும்."

வெடிப்பில் நின்றுகொண்டு உவரி இதைக் கேட்டாள். அவசரப்படுத்தவில்லை. மெதுவாக இறக்கினால்தான் கிழியாது என்று அவளுக்குத் தெரியும்.

கல் விழுந்தால் சில்லாண்டி இன்றைக்கும் மற்றத் தோளைக் கொடுக்கத்தான் செய்கிறான். ஆனால் மேலிருந்து வருகிற வார்த்தைக்குக் காத்திருப்பதில்லை; தானாகவே பாதியில் நிறுத்திவிடுகிறான். அன்றிலிருந்துதான் சீரிஸில் பள்ளங்கள் அரைகுறையாக மேடேறிக் கிடக்கின்றன, மலை என்று ஒன்றே ஒன்று நிற்கிறது. அந்த ஒன்றும், சரிவில் நிற்கும் உவரியைச் சுமந்துகொண்டு, யார் கண்ணுக்கும் தெரியாத வேகத்தில் வீட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது.