நடுச்சுவரில் நின்ற குரல்

மில் முதலாளி தேவநாயகம் ஒரு ஜோடி பெரிய ஸ்பீக்கர் வாங்கினார். வேறு யாரையும் கை வைக்க விடாமல் வயரையெல்லாம் தாமே மாட்டினார். விருந்துக்கு வந்த சம்பந்தியோ, "மிருதங்கமே கேக்கலையே. குரலும் நடுவுல நிக்காம அலையுதே" என்றார்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. அங்கே தினமும் தூசி துடைக்கும் சூசையம்மாளைக் கூப்பிட்டார்.

"நீ துடைச்சுத்தான் கெட்டுப்போச்சு. பாடகர் குரல் அந்த வெறும் சுவர் நடுவுல இருந்து வரணும். வரலேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

சூசையம்மாள் கணவரோடு பத்து வருஷம் திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டியவள். ஸ்பீக்கர்களின் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"ரெண்டுக்கும் சண்டைங்கய்யா. ஒண்ணு காத்தைத் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. சமாதானம் பண்ணி வைக்கிறேன்."

மின்சாரத்தை நிறுத்தினாள். வலது ஸ்பீக்கரில் மட்டும் கறுப்புத் துளையில் இருந்த சிவப்பு வயரைச் சிவப்புத் துளைக்கும், சிவப்பில் இருந்த கறுப்பு வயரைக் கறுப்புக்கும் மாற்றினாள். பாட்டை வைத்தாள்.

மிருதங்கம் தரையில் அதிர்ந்தது. எதுவுமே இல்லாத நடுச்சுவரில் பாடகரே வந்து நின்று பாடினார். சம்பந்தி எழுந்துபோய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

"வயரை மாத்தி மாட்டின முட்டாள் யாரு? பேரைச் சொல்லு" என்று உறுமினார் முதலாளி.

"அந்தப் பேரை நான் வாயால சொல்லக் கூடாதுங்கய்யா. பின்னால சீட்டு ஒட்டியிருக்கு. சம்பந்தி ஐயாவையே படிக்கச் சொல்லுங்க."

சம்பந்தி குனிந்து உரக்கப் படித்தார்: "இணைத்தவர் தேவநாயகம். வேறு யாரும் தொடக் கூடாது."

முதலாளி தொண்டையைச் செருமினார்.

"நாளைக்குச் சீக்கிரமே வந்துடும்மா" என்றார்.