கறுப்பு வேண்டாமுங்க

“கறுப்பு வேண்டாம்னு அந்தம்மாகிட்டச் சொல்லிடலாமுங்களா, மேஸ்திரி?”

சென்னியப்பன் கேட்டார். அவருக்கு ஐம்பது வயசு தாண்டியிருந்தது.

மேஸ்திரி கோகிலவாணிக்கு முப்பதுகூட ஆகவில்லை. தகட்டைத் தட்டித் தட்டி வண்டிக்கு உடம்பு செய்வது அவள் தொழில். மில் வாசலில் வாட்ச்மேனாக இருந்த சென்னியப்பன் அந்த வேலையை விட்டுவிட்டு அவளிடம் தொழில் படிக்க வந்திருந்தார்.

ஷெட்டின் நடுவில் வண்டி நின்றது. அந்தக் காலத்து ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் மாதிரியே புதிதாகச் செய்தது. மூக்கு நீளம். கூரை கிடையாது. பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற பிரைமர் மட்டும் சாம்பல் நிறத்தில் அடித்திருந்தது.

என்ஜினை மூடுகிற பானெட்டைத் தட்டியது கோகிலவாணி. இடது கதவைத் தட்டியது சென்னியப்பன். அவர் தனியாகச் செய்த முதல் கதவு அது.

வண்டி கேட்ட சாரதாமணியம்மா முன்பே ஒருமுறை வந்து பார்த்திருந்தார். மறுபடி வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. கறுப்பு அடிக்கச் சொல்லியிருந்தார்.

“கறுப்பு என்ன பண்ணுச்சுங்ண்ணா?”

“வெயில்ல சுடுமுங்க.”

“சுடும்.”

“தூசி தெரியுமுங்க.”

“தெரியும்.”

“சில்வர்னா பார்க்க அம்சமா இருக்குமுங்க.”

“இருக்கும்.”

“வெள்ளைகூட நல்லாத்தான் இருக்குமுங்க.”

“நல்லாத்தான் இருக்கும்.”

சென்னியப்பனுக்குத் தெம்பு வந்தது.

“அப்பச் சொல்லிடலாமுங்களா?”

“டீ ஆறுது. குடிங்க.”

குடித்தார்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. தகட்டைத் தட்டினவர், வேலை முடிந்ததும் அதன் உள்பக்கம் உளியால் தன் பேரின் முதல் எழுத்தை வெட்டுவார். வீட்டுப் பாத்திரத்தில் பேர் வெட்டுவோமே, அது போல. வெளியே யாருக்கும் தெரியாது. படிக்க வந்தவர் கையில் மேஸ்திரி அந்த உளியைக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் எடுபிடி இல்லை. தொழிலாளி.

சென்னியப்பன் கையில் உளி இன்னும் வரவில்லை.

வீட்டில் மச்சான் விடுவதாக இல்லை. “சின்னப் பொண்ணுகிட்டக் கை கட்டி நிக்கறீங்களாமா, மாமா? மில்லு கேட் இன்னும் அங்கயேதான் இருக்கு.”

இந்த வண்டியில் தன் எழுத்து விழவில்லை என்றால் அந்தக் கேட்டுக்கே திரும்பிப் போகிறேன் என்று சென்னியப்பன் ஒப்புக்கொண்டிருந்தார். சோறு தின்னும்போது சொன்னது. வீட்டில் எல்லோரும் கேட்டார்கள்.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மறுபடியும் வந்தார்.

“தப்பா நெனைக்காதீங்க, மேஸ்திரி. இதுக்கு முன்ன நீங்க செஞ்சு அனுப்பின வண்டிகூட எல்லாமே சில்வரு, வெள்ளை, க்ரீமுதானுங்களே?”

கோகிலவாணியின் கை நின்றது.

“அதெல்லாம் வண்டிக்காரங்க கேட்டதுங்களா, இல்ல நீங்க சொன்னதுங்களா?”

அவள் எழுந்து பின்பக்கம் போனாள். பரண் மேல் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது. ஒரு தகர டப்பாவோடு வந்தாள். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித்தான் திறந்தாள்.

உள்ளே கரிப்பொடி. மாவு போல நைசாக இருந்தது.

துணியில் தொட்டு வண்டி முழுவதும் பூசினாள். கதவு, பானெட், சக்கரத்து மேல் வளைவு, எதையும் விடவில்லை. சாம்பல் வண்டி கறுப்பு வண்டி ஆனது.

மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“கறுப்பு வேண்டாம்னீங்களே. எடுத்துடுங்க.”

இவ்வளவுதானே என்று சென்னியப்பன் இடது கதவில் ஆரம்பித்தார். கட்டை போன இடமெல்லாம் கரி போனது. சாம்பல் வந்தது.

கதவின் நடுவில் மட்டும் போகவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு நின்றது. குழி விழுந்த தோசைக்கல்லில் எண்ணெய் நிற்கிற மாதிரி.

விரலை வைத்துத் தேய்த்தார்.

“விரல் வேண்டாம். கட்டையால எடுங்க.”

“கட்டை அங்க படலீங்க.”

“ஆமா.”

அந்தப் பள்ளம் அவருக்குத் தெரியும். பிரைமர் அடிப்பதற்கு முன்பே கைக்குத் தெரிந்த இடம். சில்வர் அடித்தால் யார் கண்ணிலும் படாது. கறுப்பு அடித்தால் டியூப் லைட்டின் வெளிச்சம் அதில் விழுந்து பாம்பு மாதிரி நெளியும்.

அவர் தலையைத் தூக்கவில்லை.

“பானெட்டையும் தேய்ங்க.”

“அது நீங்க தட்டினதுங்க.”

“தேய்ங்கண்ணா.”

தேய்த்தார். பாதி வரைக்கும் சுத்தமாக வந்தது. அப்புறம் ஒரு கோடு. கண்ணுக்கு மை வைத்தது போல மெல்லிசாக, நீளமாக, நின்றது.

சென்னியப்பன் சுற்றும் முற்றும் பார்த்தார். இடுப்புத் துண்டை உருவினார்.

“துடைக்காதீங்க.”

துண்டு கையிலேயே இருந்தது.

“மூணு வண்டி வெளிய போயிருச்சு,” என்றாள் கோகிலவாணி. “எல்லாம் நான் சொன்ன கலர்தான். ஒன்னுலயும் நான் எழுத்து வெட்டலை.”

சென்னியப்பன் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டார். சுத்தியலை எடுத்து வந்தார். ரெண்டாக எடுத்து வந்தார்.

அவள் சாரதாமணியம்மாவுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, இந்த வெள்ளிக்கிழமை வர வேண்டாம். இன்னும் ரெண்டு வாரம் ஆகும்.”

“ஏங்கண்ணு, கலர் கிடைக்கலையா?”

“கலர் இருக்குங்க.”

“அப்புறமென்ன?”

“வண்டி இன்னும் ஆகலை.”

பிரைமரைச் சுரண்டினார்கள். அவள் பானெட்டின் அடியில் படுத்துத் தட்டினாள். அவர் கதவை மடியில் போட்டுத் தட்டினார். மறுபடி பிரைமர். மறுபடி கரி. மறுபடி கட்டை.

உள்ளங்கை அகலம் எலுமிச்சம்பழம் அளவு ஆனது. அடுத்த முறை பொட்டு அளவு. அதற்கடுத்த முறை பொட்டு இடம் மாறிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“இந்தக் கதவு எம் மச்சானைவிட மோசமுங்க, மேஸ்திரி.”

“அவரையும் கொண்டாங்க. தட்டிப் பார்ப்போம்.”

பானெட்டின் அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் கட்டை கதவின் இந்த ஓரத்தில் கிளம்பி அந்த ஓரத்தில் போய் நின்றது. கறுப்பு எங்கேயும் இல்லை. சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவினார். ஒருமுறை தடவிவிட்டு, நம்பாமல், இன்னொரு முறை தடவினார்.

பானெட்டின் கோடும் அதற்கு முன்பே போயிருந்தது.

சாரதாமணியம்மா வந்தார். செருப்பை ஷெட் வாசலில் விட்டுவிட்டு வண்டியைச் சுற்றி வந்தார்.

“இதுக்கா ரெண்டு வாரம்? அன்னைக்குப் பார்த்த மாதிரியேதான இருக்குது.”

“அப்படித்தானுங்க இருக்கும்,” என்றார் சென்னியப்பன்.

“சரி, நான் ஒன்னு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. கறுப்புன்னு கேட்டேன். இப்ப மனசு மாறிப்போச்சு. எங்க தோப்புப் புழுதிக்குக் கறுப்பு தாங்காதாமா. சில்வரே அடிச்சிருங்களேன்.”

கோகிலவாணி சென்னியப்பனைப் பார்த்தாள்.

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“எது வேணாலும் அடிக்கலாமுங்கம்மா.”

சாரதாமணியம்மா கிளம்பிப் போனார். கோகிலவாணி கையைத் துடைத்தாள். மேசைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த உளியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

சென்னியப்பன் ரெண்டு கையாலும் வாங்கினார். இடது கதவைத் திறந்தார். உள்பக்கம் குனிந்து இடம் பார்த்தார். உளியை வைத்தார்.

எடுத்துவிட்டார்.

எழுந்து போய்ப் பானெட்டைத் தூக்கிப் பிடித்தார். உளியை அவளிடமே நீட்டினார்.

“மொதல்ல நீங்க வெட்டுங்க, மேஸ்திரி.”